கண்ணாடிக்குப் போட்ட வேட்டி

எங்கள் படுக்கையறையில் இருக்கும் முகம் பார்க்கிற கண்ணாடி மேசையைப் பார்க்க அவ்வப்போது யாராவது வந்துவிடுகிறார்கள். பினாங்கில் பழைய வீடுகளையெல்லாம் ஓட்டலாக்கிவிட்டார்கள் அல்லவா, அந்த ஓட்டல் அறைகளில் வைப்பதற்கு இந்த மாதிரி மேசை வேண்டுமாம். யார் சொல்லித் தேடி வருகிறார்களோ தெரியாது. டத்தோ கிராமாட்டில் எங்கள் வீடு ஒரு சந்துக்குள் இருக்கிறது. காடியைச் சாலையிலேயே நிறுத்திவிட்டு நடந்துதான் வரவேண்டும். வந்து மரத்தைத் தடவிப் பார்ப்பார்கள், இழுப்பறைகளை இழுத்துப் பார்ப்பார்கள், போன வாரம் வந்த பையன் மாதிரி மண்டிபோட்டு மேசைக் காலைக்கூட முகர்ந்து பார்ப்பார்கள்.

"அங்கிள், கண்ணாடி ஒரிஜினலா?" என்று கேட்டான் அவன்.

"ஒரிஜினல்தான் தம்பி. கறுப்புப் புள்ளியெல்லாம்கூட ஒரிஜினல்."

அவனுக்கு அது பிடித்துப் போயிற்று. புள்ளி இருந்தால்தான் மதிப்பாம். முன்பெல்லாம் புள்ளி விழுந்தால் யாரும் வாங்கமாட்டார்கள். எங்கள் வீட்டுக்கு இது வந்ததே அந்தப் புள்ளிகளால்தான்.

நான் பள்ளிக்கூடம் போனது கொஞ்சம். ஓட்டியது லோரி. கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலைக்குப் பின்பக்கம் ஒரு சீன முதலாளி, தவுக்கே என்போம், பழைய சாமான் கடை வைத்திருந்தார், அவரிடம் ரொம்ப காலம் இருந்தேன். அரசாங்கம் வாடகைக் கட்டுப்பாட்டை எடுத்து வாடகை ஏறிய சமயத்தில் ஊரே வீடு காலி செய்தது. காலையில் ஒரு வீடு, மத்தியானம் ஒரு வீடு. மனிதர்கள் அழுதுகொண்டே சாமான் கட்டுவார்கள். நாங்கள் வாசலில் வெற்றிலை போட்டுக்கொண்டு காத்திருப்போம்.

கட்டில், அலமாரி எல்லாம் சுலபம். கண்ணாடி மேசைதான் தொந்தரவு. முதலில் கண்ணாடியைக் கழற்ற வேண்டும், போர்வையில் சுற்ற வேண்டும், நிற்கவைத்தே தூக்க வேண்டும். படுக்கவைத்தால் லோரி ஒரு பள்ளத்தில் விழுந்ததும் பிளந்துவிடும். தூக்கிக்கொண்டு தெருவில் நடக்கும்போது கண்ணாடிக்குள் எதிர்ச் சாரி வீடுகள் எல்லாம் ஆடிக்கொண்டே வரும். எனக்கு அது பிடிக்கும். முன்னால் போகிறவன் திட்டுவான், "வேடிக்கை பார்க்காம நடலா" என்று.

இந்த மேசை பாபா என்கிற உள்ளூர்ச் சீனர் வீடு ஒன்றிலிருந்து வந்தது. தனியாக இருந்த கிழவி செத்துப்போய், வீட்டைக் காலி செய்தார்கள். தேக்கு மரம். மேலே மூன்று கண்ணாடி, நடுவில் பெரியது, இரண்டு பக்கமும் கதவு மாதிரி மடங்குகிற சிறியவை. சாவுக்குப் போட்ட வெள்ளைத் துணியை யாரும் எடுக்கவில்லை, துணியோடேயே நின்றது. தவுக்கே துணியைத் தூக்கிப் புள்ளியைப் பார்த்தார், உடனே விட்டுவிட்டார். "சாவு வீட்டுக் கண்ணாடி, புள்ளி வேற. எவன் வாங்குவான்? பந்தாங்லா. நீ வேணும்னா எடுத்துட்டுப் போ" என்றார்.

அந்தப் பந்தாங், ஆகாது என்கிற விலக்கு, எங்களிலும் உண்டு. வீட்டில் சாவு விழுந்தால் கண்ணாடிகளை வெள்ளைத் துணி போட்டு மூடுவோம். கருமாதி முடிகிறவரை யாரும் திறக்கமாட்டார்கள். பிணம் கண்ணாடியில் தெரிந்தால் இன்னொரு சாவு விழும் என்று ஒரு பேச்சு. உயிர் வழி தெரியாமல் கண்ணாடிக்குள் போய்விடும் என்று இன்னொரு பேச்சு. எது சரியோ. என் மனைவி அப்போது இதையெல்லாம் சட்டை செய்யவில்லை. மேசை உள்ளே வந்ததும் துணியை உருவித் தூர எறிந்துவிட்டு, மூன்று கண்ணாடியையும் எலுமிச்சம்பழத்தால் தேய்த்தாள். அவள் அப்பா அம்மா வீட்டில் கை அகலக் கண்ணாடிதான், ஆணியில் தொங்கும். நெற்றியைப் பார்த்தால் வாய் தெரியாது, வாயைப் பார்த்தால் நெற்றி தெரியாது.

அதற்குப் பிறகு அவள் மேசைக்கு முன்னால் முக்காலியில் உட்காராத நாள் இல்லை. காலையில் பொட்டு, பவுடர். சாயங்காலம் வேலையெல்லாம் முடிந்து உட்கார்ந்து வெற்றிலை போடுவாள். வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, கொஞ்சம் புகையிலை. போட்டுவிட்டு நாக்கை நீட்டிக் கண்ணாடியில் பார்ப்பாள், எவ்வளவு சிவந்திருக்கிறது என்று. சிவக்காவிட்டால் எனக்குத்தான் திட்டு. "காசு கொடுத்துத்தானே வாங்கினீங்க? சாமி மாலையில இருந்து காஞ்சு உதிர்ந்ததைப் பொறுக்கிட்டு வந்த மாதிரி இருக்கு."

கன்னத்துக்கு உள்ளே ஒரு வெள்ளைத் திட்டு இருப்பதை அவள் முதலில் பார்த்ததும் அந்தக் கண்ணாடியில்தான். வாயைப் பிதுக்கி எனக்குக் காட்டினாள். சுண்ணாம்பு சுட்டிருக்கும் என்றேன். அவளும் அதைத்தான் நினைத்தாள். ஆனால் அது புற்று. பெரிய ஆஸ்பத்திரியில் இடது தாடையில் பாதியை எடுத்துவிட்டார்கள், கன்னத்தையும் எடுத்துவிட்டார்கள். எடுத்த இடத்தில் தொடையிலிருந்து தோலும் சதையும் வைத்துத் தைத்தார்கள். உயிர் இருந்தது. பேச்சும் வந்தது. குழறல்தான், நானும் மகளும் போகப் போகப் புரிந்துகொண்டோம். முகம் மட்டும் அவள் முகமாக இல்லை. வலது பக்கம் அவள். இடது பக்கம் வாய் கீழே இழுத்துக்கொண்டு, கன்னத்தில் வேறு நிறத்தில் ஒரு ஒட்டு. அது வீங்கி நின்றது. நான் முதல் தடவை பார்த்துவிட்டுத் தண்ணீர் குடிக்கிற சாக்கில் வெளியே வந்து நின்றேன்.

எங்களுக்கு ஒரே மகள். பாயான் பாரு பக்கம் தொழிற்சாலையில் வேலை செய்கிறாள், கல்யாணம் முறிந்து எங்களோடேயே இருக்கிறாள். கெட்டிக்காரி. அவள்தான் முடிவு செய்தாள்.

"அப்பா, அம்மா முகத்தைப் பார்க்கக்கூடாது. பார்த்தாங்க, அவ்வளவுதான். அடுத்து ரேடியேஷன் இருக்கு. அதுக்கு வரமாட்டாங்க. கஞ்சிகூடக் குடிக்கமாட்டாங்க, அப்படியே படுத்துருவாங்க."

"எத்தனை நாளைக்கு மறைப்பே?"

"ரேடியேஷன் முடியறவரைக்கும். வீக்கம் கொஞ்சம் வத்தட்டும். அப்புறம் நானே காட்டுறேன்."

டாக்டரிடம் நானும் அவளும் சேர்ந்துதான் போயிருந்தோம். ரேடியேஷன் வைத்தால் பிழைக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு, வைக்காவிட்டால் நோய் சீக்கிரம் திரும்பி வந்துவிடும் என்றார். வெளியே வந்ததும் மகள் அம்மாவிடம், "ரேடியேஷன் வெச்சா முழுசா சரியாயிடும்னு டாக்டர் சொல்லிட்டார்மா" என்றாள். நான் ஒன்றும் சொல்லவில்லை. மனைவியின் முகம் கொஞ்சம் தெளிந்ததை நானும் பார்த்தேன்.

ஆஸ்பத்திரியில் அவள் கண்ணாடி கேட்டாள். எங்கள் பேச்சில் எல்லாமே கண்ணாடிதானே. முகம் பார்க்கிறதும் கண்ணாடி, மூக்கில் மாட்டுவதும் கண்ணாடி. மகள் சட்டென்று பையைத் திறந்து மூக்குக் கண்ணாடியை எடுத்து அவள் கையில் வைத்தாள். மனைவி அதைப் பார்த்தாள், மகளைப் பார்த்தாள். இன்னொரு தடவை கேட்கவில்லை. கழிவறைக்குக் கூட்டிக்கொண்டு போகும்போதெல்லாம் மகள் சுவர்க் கண்ணாடிக்கு முன்னால் போய் நின்றுகொள்வாள், தாதிகளிடமும் சொல்லி வைத்திருந்தாள். கையால் தடவிப் பார்த்திருப்பாள் என் மனைவி. தடவாமல் இருப்பாளா? ஆனால் கைக்குத் தெரிவது வேறு, கண்ணுக்குத் தெரிவது வேறு.

வீட்டுக்கு அனுப்புகிற நாளும் வந்தது. குளியலறைக் கண்ணாடியை முந்தின நாளே கழற்றி நான் படுக்கைக்கு அடியில் போட்டுவிட்டேன். கண்ணாடி மேசையை ஒன்றும் செய்ய முடியவில்லை. திருகாணி துருப்பிடித்து மரத்தோடு மரமாகிவிட்டது, என் கைக்குத் திருகவில்லை. மேசையையே வெளியே போடலாம் என்றால், வாசலைச் சின்னதாக்கி வீட்டைத் திருத்தியதற்குப் பிறகு அது அந்த அறையை விட்டு வெளியே வராது. "நான் பார்த்துக்கிறேன், நீங்க ஆஸ்பத்திரிக்குப் போங்க" என்றாள் மகள்.

மத்தியானம் டாக்சியில் அழைத்து வந்தேன். ஒரு கையால் என்னையும் ஒரு கையால் சுவரையும் பிடித்துக்கொண்டு நடந்து வந்தாள். படுக்கையறை வாசலில் நின்றுவிட்டாள். எதற்கு நிற்கிறாள் என்று நானும் உள்ளே பார்த்தேன்.

கண்ணாடி மேசையின் மேல், மூன்று கண்ணாடியையும் சேர்த்து, என் வெள்ளை வேட்டி போர்த்தியிருந்தது. காற்றில் விழாமல் இருக்க மேலே இரண்டு பக்கமும் துணிக் கிளிப் போட்டிருந்தாள்.

மகள் ஒன்றும் தப்பாக நினைத்துச் செய்யவில்லை. படுக்கை விரிப்பெல்லாம் துவைக்கப் போட்டிருந்தது, கையில் கிடைத்தது வேட்டி. அவள் காலத்தில் எங்கள் வீட்டில் சாவு விழுந்ததில்லை. வெளியே போன சாவு வீடுகளிலும் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டு வந்துவிடுவாள். கண்ணாடியை மூடுவது அவளுக்குத் தெரியாது.

"யாரு?" என்றாள் என் மனைவி.

எனக்குப் புரியவில்லை. "யாரு என்ன?"

"யாரு செத்தது?"

"யாரும் சாகலையே."

"பொய் சொல்லாதீங்க." கீழே உட்கார்ந்துவிட்டாள். "அண்ணன்தானே? அண்ணன் போயிட்டான். அதான் ஆஸ்பத்திரிக்கு வந்து எட்டிப் பார்க்கலை. அதான் என்கிட்ட யாரும் ஒண்ணும் சொல்லலை."

அவளுக்கு ஒரே அண்ணன், கடலுக்கு அந்தப் பக்கம் சுங்கைப் பட்டாணியில் இருக்கிறார். சர்க்கரை நோய். காலில் விரல்களை எடுத்துவிட்டார்கள், அதனால்தான் பாலம் கடந்து வரமுடியவில்லை. இதை அவளிடம் பல தடவை சொல்லியிருந்தோம். அது இப்போது எங்களுக்கே எதிராகத் திரும்பிவிட்டது. தரையில் உட்கார்ந்து மார்பில் அடித்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள். அந்த வாயால் ஒப்பாரி வராது. ஆனாலும் வைத்தாள். தையல் பிரிந்துவிடுமோ என்று எனக்குப் பயம். கடைவாயில் எச்சில் ஒழுகிச் சட்டை நனைந்தது.

மகள் ஓடி வந்தாள். "என்னம்மா, என்ன ஆச்சு?"

"எங்க அண்ணனை எரிச்சிட்டீங்களா? என்னைக் கூப்பிடாம எரிச்சிட்டீங்களா?"

மகள் என்னைப் பார்த்தாள். நான் வேட்டியைக் காட்டினேன். அவள் காதோடு சொன்னேன், "சாவு வீட்டுலதான் இப்படி மூடுவாங்க." அவள் நெற்றியில் அடித்துக்கொண்டாள்.

வேட்டியை உருவினால் முடிந்துவிடும். அண்ணன் சாகவில்லை, உன் முகத்துக்காகத்தான் மூடினோம் என்று சொல்லிவிடலாம். ஆனால் உருவினால் அவள் எதிரிலேயே மூன்று கண்ணாடி. மகள் உருவவில்லை. நானும் உருவவில்லை. மகள் போனை எடுத்து மாமாவைக் கூப்பிட்டாள். அவர் பேசினார். போனை அம்மாவின் காதில் வைத்தாள்.

"தங்கச்சி, நான் நல்லா இருக்கேம்மா. எதுக்கு அழுவுறே?"

அவள் கேட்டுவிட்டுப் போனைத் தள்ளிவிட்டாள். "எவனையோ வெச்சுப் பேச வைக்கிறீங்க. எங்க அண்ணன் குரல் எனக்குத் தெரியாதா?" அவர் குரல் உண்மையிலேயே மாறித்தான் இருந்தது. நோய் வந்து குரலும் மெலிந்துவிட்டது.

"அப்பா, வீடியோல காட்டிடறேன்" என்றாள் மகள். "மாமா மூஞ்சியைப் பார்த்தா நம்புவாங்க."

நல்ல யோசனை என்றுதான் எனக்கும் பட்டது. இந்தப் போன் விவகாரமெல்லாம் எனக்குத் தெரியாது. மனைவியிடம் இருந்ததும் பழைய பொத்தான் போன். மகள் அவளைச் சுவரில் சாய்த்து உட்காரவைத்து, மூக்குக் கண்ணாடியையும் மாட்டிவிட்டு, போனை முன்னால் பிடித்தாள். அங்கே அவர் மருமகள் போனைப் பிடித்துக்கொண்டாள் போல, அண்ணன் முகம் பெரியதாக வந்தது. மெலிந்திருந்தார், அவரேதான். வாயைத் திறந்தார். அப்படியே பார்த்தார். பிறகு முகத்தை மூடிக்கொண்டு அழுதார். "ஐயோ தங்கச்சி, என்னம்மா இது, என்னம்மா இது" என்று சத்தம் மட்டும் வந்தது.

என் மனைவிக்கு அழுகை நின்றுவிட்டது. அண்ணன் உயிரோடு இருக்கிறான் என்று சந்தோஷம்தான் முதலில். "அண்ணே, அழாதே. நான்தான் பைத்தியம் மாதிரி நினைச்சுட்டேன்" என்றாள். போனைக் கிட்டே இழுத்துப் பார்த்தாள். பிறகு கேட்டாள்:

"உன் பக்கத்துல யாருண்ணே அது? மூலையில?"

மகளுக்கு அப்போதுதான் உறைத்தது. படத்தின் மூலையில் தீப்பெட்டி அளவு ஒரு சின்னப் படம் இருந்தது. இந்தப் பக்கம் பேசுகிறவர் முகமே அதில் தெரியுமாம். மகள் போனை இழுக்கப் பார்த்தாள். மனைவி விடவில்லை.

"வாய் கோணி ஒரு பொம்பளை இருக்காளே. அவ யாரு?" என்று சொல்லிக்கொண்டே தன் கன்னத்தில் கை வைத்தாள். மூலையில் இருந்தவளும் கன்னத்தில் கை வைத்தாள்.

அண்ணன் அங்கே இன்னும் அழுதுகொண்டிருந்தார். மகள் போனை அணைத்தாள்.

மனைவி சுவரைப் பிடித்து எழுந்தாள். நான் கை கொடுத்தேன், வாங்கவில்லை. போய்க் கிளிப்பை ஒவ்வொன்றாக எடுத்தாள். வேட்டி தானாகவே வழுக்கிக் கீழே விழுந்தது. முக்காலியில் உட்கார்ந்தாள்.

நடுக் கண்ணாடியில் ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு இடது பக்கக் கண்ணாடியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பினாள். அந்த மாதிரி மேசையில் அதுதான் வசதி. நமக்கு நம் பக்கவாட்டு முகம் தெரியாது, அடுத்தவர்களுக்குத்தான் தெரியும். அதைத் திருப்பிவைத்தால் நமக்கும் தெரியும்.

"ஆஸ்பத்திரியில நீங்க உக்காந்திருந்தது இந்தப் பக்கம்தானே?" என்றாள் என்னிடம். "இதைப் பார்த்துக்கிட்டா தினமும் சோறு தின்னீங்க?"

"அப்படியெல்லாம் ஒண்ணும் இல்லை" என்றேன்.

பவுடர் டப்பாவைத் திறந்து பூசினாள். வலது பக்கம் ஒட்டியது. இடது பக்கம் அந்தத் தோலில் ஒட்டாமல் திட்டுத் திட்டாக நின்றது. "தொடைக்குப் பவுடர் போடுற முதல் பொம்பளை நான்தான்" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளும் சிரித்தாள், பாதி முகம்தான் சிரித்தது. கண்ணாடியில் அதையும் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டாள். சரி, தாங்கிக்கொண்டாள் என்று நினைத்தேன். இவ்வளவுதான், இதற்குப் போயா இத்தனை நாள் ஒளித்தோம் என்று நினைத்தேன்.

மகள் கட்டிலில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். மனைவி திரும்பாமல், கண்ணாடியிலேயே அவளைப் பார்த்துக் கேட்டாள்.

"அன்னைக்கு நான் கண்ணாடி கேட்டப்போ மூக்குக் கண்ணாடியை எடுத்துக் கொடுத்தியே. தெரிஞ்சுதானே கொடுத்தே?"

"ஆமாம்மா."

"ரேடியேஷன் வெச்சா முழுசா சரியாயிடும்னு சொன்னியே. அதுவும் துணிதானே?"

மகள் உடனே, "இல்லம்மா, சத்தியமா டாக்டர் சொன்னாரும்மா" என்று சொல்லியிருந்தால் எப்படியோ. வாயைத் திறந்து ஒரு கணம் நின்றாள். என்னைப் பார்த்தாள். பிறகுதான் சத்தியம் செய்தாள். அவள் நின்றதும், என்னைப் பார்த்ததும், மூன்று கண்ணாடியிலும் தெரிந்திருக்கும்.

ரேடியேஷனுக்கு முதல் நாள் போகவேண்டிய அன்று, காலையில் எனக்கு முன்னாலேயே எழுந்து குளித்துச் சேலை கட்டி, பொட்டு வைத்து, முக்காலியில் உட்கார்ந்திருந்தாள். மகள் சந்தோஷமாகப் போய்க் காடியை எடுத்துச் சந்து முனைக்குக் கொண்டுவந்து நிறுத்தினாள். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது.

"வாம்மா, போலாம்."

"நான் வரலை. நீ வேலைக்குப் போ."

மகள் கெஞ்சினாள், திட்டினாள், காலைப் பிடித்தாள். "சாகணும்னு முடிவே பண்ணிட்டீங்களா?" என்று கத்தினாள். "அப்பா, நீங்க சொல்லுங்கப்பா. சும்மா உக்காந்திருக்கீங்களே!"

"போயிட்டு வந்துடலாம் வா" என்றேன்.

என் மனைவி என் பக்கம் திரும்பினாள். கண்ணாடியில் இல்லை, நேராக. "டாக்டர் பேசினப்போ நீங்களும் பக்கத்துலதானே இருந்தீங்க. அவரு என்ன சொன்னாரு? அப்படியே சொல்லுங்க, நான் வர்றேன்."

மகள் தலையை ஆட்டினாள், வேண்டாம் என்று. நான் சொன்னேன். "பாதிக்குப் பாதின்னு சொன்னாரு."

அதைத்தான் சொன்னார். ஒன்று கூட்டவில்லை, ஒன்று குறைக்கவில்லை.

"பாதியா?" என்றாள் அவள். "நீங்க பாதின்னு சொன்னா கால்தான் இருக்கும். அதுகூட இருக்காது."

"இல்லை, அவரு சொன்னதே அதுதான்."

"சரி" என்றாள். எழுந்து சேலையை அவிழ்த்து மடித்துவைத்துவிட்டு, நைட்டியை மாட்டிக்கொண்டு படுத்துவிட்டாள். மகள் வெளியே போய் எஞ்சினை நிறுத்திவிட்டு வந்தாள்.

அதற்குப் பிறகும் இரண்டு தடவை ஆஸ்பத்திரியில் நாள் வாங்கினோம், அவள் வரவில்லை. அவள் எங்களோடு சண்டை போடவில்லை, பேசாமலும் இருக்கவில்லை. நாங்கள் சொல்வதை மட்டும் எடுத்துக்கொள்ளவில்லை. கஞ்சி ஆறிவிட்டது என்றால் விரலை விட்டுப் பார்ப்பாள். மழை நின்றுவிட்டது என்றால் சன்னலைத் திறந்து கையை நீட்டிப் பார்ப்பாள். மருந்து டப்பாவை மருந்துக் கடைக்காரியிடம் கொடுத்து இது எதற்கு என்று கேட்டு வரச்சொல்லி அடுத்த வீட்டு அக்காவை அனுப்புவாள். வலிக்குப் போடுகிற மாத்திரையைக்கூட அப்படிக் கேட்டுத்தான் விழுங்கினாள். மகள் அதையெல்லாம் பார்த்துக்கொண்டு வேலைக்குப் போய் வந்தாள்.

தீபாவளிக்கு முன்னால் நோய் கழுத்துக்கு வந்துவிட்டது. கடைசி நாளன்று மூச்சு இழுக்க ஆரம்பித்ததும் மகள் சுங்கைப் பட்டாணிக்குப் போன் போட்டாள். அவர்கள் அண்ணனைத் தூக்கிக் காடியில் வைத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். பாலத்தில் நல்ல நெரிசல், ஆனால் பாலத்துக்கு வந்துவிட்டார்கள். நான் அவள் பக்கத்தில் குனிந்து சொன்னேன்.

"அண்ணன் வந்துக்கிட்டு இருக்காரு. பாலத்துல இருக்காரு. இன்னும் கொஞ்ச நேரம்தான்."

அவள் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். சலிப்பான பார்வை. இந்த நேரத்திலுமா என்பது போல.

"நிஜமாத்தான் சொல்றேன்" என்றேன்.

முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.